மலைப்பாம்புக்கு மன்னிப்பு

டெல்லிக்குப் பிப்ரவரி 28 ராசியான தேதி போலிருக்கிறது. 2001ல் அந்தத் தேதியில்தான் பாரத் கோல்டு மைன்ஸைப் பூட்டினார்கள். கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் நூற்றிருபது வருஷம் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலும் கீழும் போய்வந்த கேஜ் நின்றது. நந்திதுர்க் சுரங்கத்தில் அடுத்த ஷிஃப்டுக்குச் சங்கு ஊதவில்லை. இருபத்துமூன்று வருஷம் கழித்து, 2024ல், அதே பிப்ரவரி 28ஆம் தேதி மத்திய அரசு ஒரு விதியை வெளியிட்டது. ஆறு மாத அவகாசம், ஆன்லைனில் பதிவு, அதிகாரியே நேரில் வந்து பார்த்துச் சான்றிதழ். எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பட்டா வருகிறது என்று யாராவது நினைத்திருந்தால் அவர் பாவம். வந்தது மலைப்பாம்புக்கு.

'உயிருள்ள விலங்கினங்கள் (அறிவித்தல், பதிவு) விதிகள், 2024' என்று அதற்குப் பெயர். வீட்டில் வெளிநாட்டுப் பாம்பு, இகுவானா, ஆமை, அம்புத் தவளை, பஞ்சவர்ணக்கிளி வைத்திருக்கும் கனவான்கள் ஆகஸ்ட் 28க்குள் 'பரிவேஷ்' இணையதளத்தில் ஏறி, தங்கள் செல்லத்தின் விவரத்தைச் சொல்லிவிட வேண்டியிருந்தது. அது குட்டி போட்டால் சொல்ல வேண்டும். கைமாறினால் சொல்ல வேண்டும். செத்தாலும் சொல்ல வேண்டும். நல்ல சட்டம்தான். ஒரு உயிர் பிறந்ததையும் இறந்ததையும் அரசு குறித்து வைக்க வேண்டும் என்பதில் எங்களுக்கென்ன ஆட்சேபம்? 1940 முதல் 1946 வரை எங்கள் சுரங்கங்களில் 7,653 பேரைச் சோதித்துப் பார்த்தபோது நூற்றுக்கு 43.7 பேருக்குச் சிலிகோசிஸ் இருந்தது. கல்தூசு உறைந்த நுரையீரலோடு அவர்கள் எத்தனை வருஷம் இருமினார்கள், எந்த லைனில் எந்தத் திண்ணையில் மூச்சை விட்டார்கள் என்று எந்த இணையதளத்திலும் ஏற்றவில்லை. அவர்களுக்குச் செதில் இல்லை, அதுதான் குறை.

சட்டத்தின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது நம்மூர் விலங்குகளுக்கு. 1976ல் இந்தியா சைட்டிஸ் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அழியும் நிலையிலுள்ள உயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் அது. சேர்ந்தோமே தவிர, அந்த வெளிநாட்டு உயிர்களின் பட்டியலை நம் சட்டத்துக்குள் கொண்டுவர நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் யாருக்கும் நேரமில்லை. ஆகவே ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு, விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் மேஜையைத் தாண்டும் வரைக்கும் கடத்தல் சரக்கு. தாண்டிய மறுநிமிஷம் செல்லப்பிராணி. அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்க எந்த வனக்காவலருக்கும் அதிகாரம் இல்லாமலிருந்தது. 2022ல் திருத்தம் கொண்டுவந்து, 2023 ஏப்ரல் 1 முதல்தான் புது நான்காம் அட்டவணை ஒன்று உண்டாகி, சைட்டிஸ் உயிர்கள் உள்ளே வந்தன. 49 எம் என்ற பிரிவு, வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும் என்றது.

ஆனால் கூத்து அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. 2020 ஜூன் 11 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவுரை வெளியிட்டது. அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து சொல்லிவிட்டால், எந்த ஆவணமும் காட்ட வேண்டியதில்லை. எங்கே வாங்கினாய், யார் கொடுத்தார், எந்தப் பெட்டியில் வந்தது, ஒன்றும் கிடையாது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கை தூக்கினார்கள். அப்படி அறிவித்தவரிடம், இது உனக்கு எப்படிக் கிடைத்தது என்று எந்த விசாரணை அமைப்பும் கேட்கக் கூடாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கடத்தல் சரக்கு ஒரே படிவத்தில் குடும்ப உறுப்பினர் ஆனது.

2020 ஜூன் என்ன மாதம் என்று நினைவிருக்கிறதா? கொரோனா ஊரடங்கு. தங்கவயலிலிருந்து ஆம்பூருக்கும் குடியாத்தத்துக்கும் எங்களுக்குப் பெண் கொடுத்து பெண் எடுத்த உறவு. மாநில எல்லை கூப்பிடு தூரம். அந்தப் பக்கம் சாவு விழுந்தால் இந்தப் பக்கத்தான் போக இ-பாஸ் வேண்டும். ஆதார் வேண்டும், வண்டி நம்பர் வேண்டும், செத்தவர் செத்ததற்கு அத்தாட்சி வேண்டும். பெற்ற தாயின் முகம் பார்க்க மகன் செக்போஸ்ட்டில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடினான். அதே மாதத்தில்தான் இகுவானாவிடம் ஆவணம் கேட்க வேண்டாம் என்று உத்தரவு போட்டார்கள். கண்டம் விட்டுக் கண்டம் வந்த ஓணானுக்குப் பேப்பர் வேண்டாம். கர்நாடகத்திலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகிற மனுஷனுக்கு நாலு பேப்பர்.

பதிவு என்ற சொல்லே எங்கள் ஊரில் வேறு மாதிரிக் கேட்கும். 1930ல் சுரங்கக் கம்பெனி இங்கே தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றபோது, பல்லாயிரம் பேர் கேஜில் ஏறாமல் வெளியே நின்றார்கள். நாங்கள் என்ன குற்றவாளிகளா என்பது அவர்கள் கேள்வி. தங்கக் களவுக்கென்றே மைசூர் சமஸ்தானத்தில் தனிச் சட்டம் இருந்தது. ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தவனை நிறுத்தி, உடம்பைத் தடவி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துத்தான் வீட்டுக்கு விட்டார்கள். சட்டைப்பையில் மினுக்கும் கல் ஒன்று இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று அவன்தான் பதில் சொல்ல வேண்டும். அப்பாவி என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். தன் கையால் பூமிக்குள்ளிருந்து வெட்டியெடுத்தவனுக்கு இந்த விதி. பாங்காக்கிலிருந்து பெட்டியில் வந்ததை வைத்திருப்பவருக்கு, எப்படி வந்தது என்று கேட்கவே கூடாது என்ற விதி. ஒரே நாடு, ஒரே சட்டப் புத்தகம், பக்கம்தான் வேறு வேறு.

எங்கள் லைனில் ஒரு பையன். விடியுமுன் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் கூட்டத்தில் அவனும் ஒருவன். உட்கார இடம் கிடைத்தால் தூக்கம், கிடைக்காவிட்டால் நின்றபடியே தூக்கம். அங்கே ஒரு பெரிய வீட்டில் பாம்பு பார்த்துக்கொள்ளும் வேலை. கண்ணாடித் தொட்டி, அடியில் தேங்காய் நார்த்தூள், ஒரு மூலையில் சூடு தரும் விளக்கு, மறுமூலையில் ஒளிந்துகொள்ள மரப்பொந்து. சூடான பக்கம் முப்பத்திரண்டு டிகிரிக்குக் குறையக் கூடாது. ஈரப்பதம் காட்ட ஒரு மீட்டர். வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை ஃப்ரீசரிலிருந்து எலியை எடுத்து, வெந்நீரில் போட்டு உடல்சூட்டுக்குக் கொண்டுவந்து, இடுக்கியில் பிடித்து நீட்ட வேண்டும். கரன்ட் போனால் பாம்புக்கென்று தனி இன்வெர்ட்டர்.

"நல்லா வெச்சிருந்தா இருவது வருஷம், முப்பது வருஷம் உயிரோட இருக்குமாம், சித்தி" என்றான் ஒருநாள்.

அவன் சித்தி குழாயடியில் காலிக் குடங்களோடு உட்கார்ந்திருந்தாள். "எங்க நைனா மைன்ஸுக்குள்ள இருவது வருஷம் எறங்குனாரு. வெளிய வந்து நாலு வருஷந்தான் இருந்தாரு. அந்தப் பாம்புகிட்ட கேளுடா, நம்ம லைனுக்குத் தண்ணி எப்ப வுடுவாங்கன்னு. அதுக்குத்தான் பெரிய எடத்துப் பழக்கம்."

பாம்பின் மேல் எங்களுக்குக் கோபமில்லை. அது தான் பிறந்த காட்டையும் கேட்கவில்லை, இந்தக் கண்ணாடியையும் கேட்கவில்லை. அதன் பேரில் எழுதப்பட்ட சட்டத்தின் மேல்தான் கோபம். மன்னிப்பு என்பது முடிந்துபோன தப்புக்குக் கொடுப்பது. இங்கே அது வரப்போகும் சரக்குக்கு முன்பணமாகப் போய்ச் சேர்ந்தது. வீட்டிற்குள் வந்துவிட்டால் போதும், பிறகு காகிதம் தானாக வரும் என்று சந்தைக்குத் தெரிந்துவிட்டால் சந்தை என்ன செய்யும்? விமான நிலையத்தைப் பாருங்கள்.

2022 ஆகஸ்டில் சென்னையில் பாங்காக் பயணியின் சாமான்களில் 15 கிங் ஸ்னேக், 5 பந்து மலைப்பாம்பு, 2 அல்டாப்ரா ஆமை, ஒரு குரங்கு. 2023 ஏப்ரலில் அதே சென்னையில் கோலாலம்பூரிலிருந்து வந்த பெண்ணின் பெட்டிகளில் 22 பாம்பும் ஒரு பச்சோந்தியும். 2023 ஆகஸ்டில் பெங்களூருவில் ஒரே பயணியின் பெட்டியில் 234 உயிர்கள். உள்ளே ஒரு கங்காருக் குட்டி மூச்சு முட்டிச் செத்துக் கிடந்தது. அடுத்த மாதமே 55 பந்து மலைப்பாம்பு, 17 ராஜநாகம், கூடவே செத்துப்போன 6 கபூச்சின் குரங்கு. 2024 ஏப்ரலில் 10 மஞ்சள் அனகோண்டா. இவை பிடிபட்டவை. பிடிபடாதவை எங்கே போயின என்று கேட்காதீர்கள், கேட்கக் கூடாதென்றுதான் சொல்லியிருக்கிறார்களே.

பெட்டியைத் தூக்கி வந்தவர்களைத் தமிழில் குருவி என்போம். டிக்கெட்டும் கூலியும் கொடுத்தால் தங்கமும் கொண்டுவருவார்கள், பாம்பும் கொண்டுவருவார்கள். பிடிபட்டால் குருவி உள்ளே. செய்தித்தாளில் குருவியின் வயது, ஊர், கைக்குட்டையால் மூடிய முகம் எல்லாம் வரும். அந்தப் பாம்புக்காக வீட்டில் கண்ணாடித் தொட்டியைத் துடைத்து, விளக்கைப் போட்டுச் சூடேற்றி வைத்துக் காத்திருந்தவர் பெயர் வராது. அவர் ஆர்வலர். ஆங்கிலப் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் கழுத்தில் பாம்போடு படம் வரும். அழியும் இனத்தைக் காப்பாற்றுகிறாராம். ஆப்பிரிக்கப் புல்வெளியில் இருப்பதைக் காப்பாற்றப் பெங்களூரு இந்திராநகர் மூன்றாவது மாடிக்குக் கொண்டுவர வேண்டுமா ஐயா?

அதே வனச்சட்டம் எங்கள் பக்கம் திரும்பும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். கோலார், சிந்தாமணி, ஆந்திர எல்லை, இந்தப் புதர்க்காடெல்லாம் நட்சத்திர ஆமையின் சொந்த ஊர். முதுகில் மஞ்சள் கோடுகள் சிதறிய அந்த ஆமையைப் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்புவது பெரிய வியாபாரம். நாட்டில் ஒரே ஒரு வியாபார மையத்திலிருந்து மட்டும் வருஷத்துக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் காட்டிலிருந்து எடுக்கப்படுகின்றன என்று 2015ல் ஓர் ஆய்வு சொன்னது. 2018ல் சிங்கப்பூரில் சிக்கிய 51 ஆமைகளை விமானத்தில் ஏற்றிக் கர்நாடகத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். அது முதல் அட்டவணை உயிர். தொட்டால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை. சரிதான், அந்த ஆமைக்கு அவ்வளவு கடுமையான சட்டம் வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் யார் கையில் விலங்கு மாட்டுகிறது? புதருக்குள் கைவிட்டவன் கையில். சாக்குப்பையைத் தூக்கியவன் கையில். அவனுக்கு ஆறு மாத அவகாசம் உண்டா? தானாக முன்வந்து சொன்னால் எப்படிக் கிடைத்தது என்று கேட்க மாட்டோம் என்று அவனிடம் யாராவது சொன்னார்களா?

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கிறது. 1970களில் சட்டமும் தோல் ஏற்றுமதித் தடையும் வந்து பாம்புத்தோல் வியாபாரம் நின்றபோது வயிற்றுக்கு வழியில்லாமல் போன இருளர்களைச் சேர்த்து, பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முன்னின்று 1978ல் தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலையும் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம்தான் பெரிய ஆதாரம். 2023ல் அவர்களில் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தச் சங்கம் எந்தப் பாம்பில் எத்தனை பிடிக்கலாம் என்று வனத்துறையிடம் அனுமதி வாங்கிய பிறகுதான் கம்பியைக் கையிலெடுக்க முடியும். ஒவ்வொரு பாம்புக்கும் கணக்கு. உயிர்காக்கும் பாம்பைப் பிடிப்பவன் எண்ணிக் காட்ட வேண்டும். அழகுக்குப் பாம்பு வளர்த்தவர் 2020ல் எங்கிருந்து வந்தது என்றுகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பதிவு செய்யாத பாம்புகளும் எங்கள் ஊரில் ஏராளம். மூடிய சுரங்கத்தின் இடிந்த குவார்ட்டர்ஸ், கூரை போன ஆபீஸ், முள்மரம் மண்டிய சயனைடு கழிவு மேட்டோரம், எல்லாம் இப்போது நாகத்துக்கும் கண்ணாடிவிரியனுக்கும் அரசு கொடுத்த குடியிருப்பு. ராத்திரி வெளிக்குப் போகிறவர் காலடியில்தான் அவை பதிவேடு வைத்திருக்கின்றன. 2000க்கும் 2019க்கும் இடையில் இந்தியாவில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது கணக்கு. வருஷத்துக்கு 58,000 பேர். கர்நாடகம் 2024 பிப்ரவரியில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒன்றாக்கியது. அதற்கு முன், கடித்த பாம்புக்கும் கணக்கில்லை, செத்த மனுஷனுக்கும் சரியான கணக்கில்லை. அறிவிக்கச் சொன்னதற்கு நன்றி. மருந்து எந்த ஆஸ்பத்திரியில் எந்த ராத்திரியில் இருக்கும் என்பதையும் அதே படிவத்தில் போட்டுவிட்டால், கடிபட்டவன் சாவதற்குமுன் படித்துக்கொள்வான்.

சரி, புது விதியாவது ஒழுங்காக மூடுமா என்றால், வேலியில் ஓணான் போகிற ஓட்டை இருக்கிறது. நான்காம் அட்டவணையில் இருப்பது சைட்டிஸ் பட்டியல் உயிர்கள். அமெரிக்கக் கார்ன் ஸ்னேக் அந்தப் பட்டியலில் இல்லை. வளர்ப்பு மீன் கடைதோறும் காசு அளவுக் குட்டியாக விற்கும் செங்காது ஆமை இல்லை. அந்த ஆமை வளர்ந்து தட்டளவு ஆனதும் வாங்கியவர் கொண்டுபோய்க் குளத்தில் விடுகிறார். அது அங்கிருக்கும் நாட்டு ஆமையின் இரையைத் தின்று இடத்தைப் பிடிக்கிறது. கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் 2021ல் ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு அவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் புளோரிடாவின் சதுப்புநிலத்தில் பர்மா மலைப்பாம்பு பெருகி முயலையும் ரக்கூனையும் தின்று தீர்த்த பிறகு, 2012ல் அதன் இறக்குமதியைத் தடுத்தார்கள். வீட்டுத் தொட்டியிலிருந்து போன பாம்புகள்தான் அவையும். தவளைகளின் கதை இன்னும் மோசம். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை ஒன்று வியாபாரத்தோடு கண்டம் கண்டமாகப் போய், குறைந்தது 501 நீர்நில வாழ் இனங்களைக் குறைத்தது. அதில் 90 இனங்கள் அழிந்தேபோயின என்று 2019ல் கணக்குப் போட்டார்கள். நம் நாட்டில் தவளைக்கால் ஏற்றுமதியை 1987ல் நிறுத்தி நம் தவளையைக் காப்பாற்றினோம். இப்போது சூட்கேஸில் துணிக்கு நடுவே, குவாரன்டீன் பார்க்காத தவளையை வரவேற்கிறோம்.

செய்ய வேண்டியது ஒன்றும் ராக்கெட் வேலை இல்லை. இனி அவகாசம், மன்னிப்பு என்ற பேச்சே கூடாது. விற்கும் கடைக்காரர் எங்கிருந்து வாங்கினார் என்ற ரசீதைக் காட்டாவிட்டால் கடையைப் பூட்டுங்கள். குருவியைப் பிடித்தால் சரக்குக்குப் பணம் கொடுத்தவரையும் பிடியுங்கள். 2020ல் ஆவணமின்றி அறிவிக்கப்பட்ட உயிர்களின் எண்ணிக்கை மாவட்டவாரியாக வெளியே வரட்டும். இத்தனை வருஷத்தில் அவை எத்தனை குட்டி போட்டதாகக் கணக்கு எழுதினார்கள் என்று பார்ப்போம். பெட்டியில் வந்ததெல்லாம் வீட்டில் பிறந்ததாக மாறும் அதிசயம் அதில்தான் இருக்கும். சைட்டிஸ் பட்டியலில் இல்லாததையும் அட்டவணைக்குள் கொண்டுவாருங்கள்.

இதெல்லாம் நடக்கும்வரை, பரிவேஷ் தளத்தில் எங்களுக்கும் ஒரு விண்ணப்பம் போட இடம் கொடுங்கள். படிவத்தை நாங்களே நிரப்பி வைத்திருக்கிறோம்.

இனம்: சுரங்கத் தொழிலாளி. பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் வாழப் பழகியது. வெப்பம் தாங்கும்.

பிறந்த நாடு: இந்தியா. ஆகவே அயல்நாட்டு அந்தஸ்து கோர முடியவில்லை, மன்னிக்கவும்.

தற்போதைய இருப்பிடம்: நந்திதுர்க் லைன். வீட்டைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி பலமுறை மனுக் கொடுத்தது.

இனப்பெருக்கம்: உண்டு. குட்டிகள் விடியற்கால ரயிலில் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகின்றன.

பராமரிப்பு: தண்ணீர் அவ்வப்போது. விளக்கு அவ்வப்போது. தனி இன்வெர்ட்டர் இல்லை.

உடல்நிலை: இருமல். எக்ஸ்ரே இணைக்கப்பட்டுள்ளது.

கையிலுள்ள ஆவணங்கள்: வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு, 2001ல் வீட்டுக்கு அனுப்பிய உத்தரவு, கோர்ட்டில் கொடுத்த மனுக்களின் நகல், எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய.

இந்தக் கடைசிப் பத்தியில்தான் எங்கள் விண்ணப்பம் தள்ளுபடியாகும் என்று தெரியும். ஒரு காகிதமும் இல்லாமல் வந்து நின்றிருந்தால் எங்களுக்கும் மன்னிப்பு கிடைத்திருக்கும்.